எவ்வளவு ஜெபித்தும் கோபம் போகவில்லை, கிறிஸ்துவின் வல்லமை எனக்கு மட்டும் இல்லையா?

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்துப் பல வருடங்கள் ஆகின்றன. ஆராதனைக்குத் தவறுவதில்லை. தினமும் வேதம் வாசித்து ஜெபிக்கிறேன். ஆனால் வீட்டில் பிள்ளைகளிடம் கத்துவதை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை. உபவாசமிருந்தும் ஜெபித்துப் பார்த்துவிட்டேன். சபையில் மற்றவர்கள் சுகம் கிடைத்தது, கடன் தீர்ந்தது என்று சாட்சி சொல்லும்போது மனசு வெறுமையாகிவிடுகிறது. ஒரு மூத்த சகோதரி, 'உனக்கு விசுவாசம் குறைவு' என்கிறார். கிறிஸ்துவின் வல்லமை என் வாழ்க்கையில் ஏன் வேலை செய்யவில்லை? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சகோதரி, நீங்கள் கேட்பதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கோபத்தை என்ன செய்வது என்பது ஒன்று. மற்றவர்களுக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளியாவிட்டால், கோபத்தைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் இன்னொரு பாரமாகத்தான் வந்து சேரும்.

அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். தொடக்கத்திலேயே யோவானின் சகோதரனாகிய யாக்கோபை ஏரோது ராஜா பட்டயத்தால் கொன்றுபோடுகிறான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தேவதூதன் சிறையிலிருந்து வெளியே கூட்டிவருகிறான். சங்கிலி கழன்று விழுகிறது, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. ஒரே ஆண்டவர், ஒரே காலம். யாக்கோபுக்கு விசுவாசம் போதவில்லை என்று, அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், பேதுரு வந்து கதவைத் தட்டியபோது உள்ளே அவருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே நம்பவில்லை. செய்தி சொன்ன ரோதை என்ற பெண்ணைப் பார்த்து 'நீ பிதற்றுகிறாய்' என்றார்கள். அவ்வளவு விசுவாசத்தோடுதான் அந்த ஜெபம் நடந்திருக்கிறது!

இன்னொன்றையும் பாருங்கள். எபேசுவில் அப்போஸ்தலர் பவுலின் உடலில் பட்ட துணிகளைக் கொண்டுபோய்ப் போட்டாலே வியாதிகள் நீங்கின. துரோப்பீமு அந்த எபேசு பட்டணத்துக்காரர்தான், பவுலோடு பயணம் செய்தவர். அவரை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவிட்டு வந்ததாகப் பவுலே எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). காரணம் சொல்லவில்லை, யாரையும் குறை கூறவுமில்லை. அதனால் அடுத்தவருடைய சாட்சியைக் கேட்டு உங்கள் விசுவாசத்தை அளக்காதீர்கள். சாட்சி நல்லதுதான். ஆனால் பதில் கிடைத்தவர்கள்தான் பெரும்பாலும் மைக் முன்னால் வருகிறார்கள். இன்னும் காத்திருப்பவர்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் கிறிஸ்துவின் வல்லமை எதற்குத்தான் வருகிறது? கொலோசெயருக்காகப் பவுல் ஜெபிக்கிற இடத்தில் (1:11) எனக்கு எப்போதும் ஒரு வியப்பு உண்டு. தேவனுடைய மகிமையான வல்லமையின்படி எல்லா வல்லமையாலும் அவர்கள் பலப்பட வேண்டும் என்று கேட்கிறார். இவ்வளவு பெரிதாகத் தொடங்கியவர் எதற்காகக் கேட்கிறார் என்று பார்த்தால், சந்தோஷத்தோடு கூடிய பொறுமைக்கும் நீடிய சாந்தத்துக்கும்! 'என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு' என்ற வசனமும் அப்படித்தான். தேர்வுக்கும் வியாபாரத்துக்கும் அதை வாக்குத்தத்தமாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் பவுல் அதைக் கட்டுண்ட நிலையில் எழுதினார். அதற்கு முந்தைய வரியில் பேசுவது பட்டினியையும் குறைவையும் பற்றி. ஆக, நீங்கள் கேட்கிற நீடிய சாந்தம் அந்த வல்லமைக்குச் சின்ன விஷயமே இல்லை. வேதம் அதற்குக் கொடுக்கிற முக்கியமான வேலைகளில் அதுவும் ஒன்று. பிசாசுகளைத் துரத்தியும் 'நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை' என்று ஆண்டவர் சொல்லக் கேட்கப்போகிறவர்கள் உண்டு என்பதையும் (மத்தேயு 7) மறக்க வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 'என் கிருபை உனக்குப்போதும். பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்' என்ற வசனத்தைச் சொல்லி, 'கோபம்தான் உன் மாம்சத்தின் முள், சகித்துக்கொள்ள வேண்டியதுதான்' என்று யாராவது உங்களைத் தேற்றலாம். ஏற்காதீர்கள். பவுல் 'முள்' என்று சொன்ன அந்த நீங்காத வேதனை அவரை வருத்தியது. உங்கள் கத்தல் பிள்ளைகளை வருத்துகிறது. முள்ளோடு வாழலாம், பாவத்தோடு சமாதானம் பண்ணிக்கொள்ளக் கூடாது. அந்த வசனத்திலிருந்து உங்களுக்கு எடுத்துக்கொள்ள வேறொன்று இருக்கிறது. முதலில் பலசாலியாகிவிட்டு அப்புறம் ஆண்டவரிடம் போக வேண்டியதில்லை, கையாலாகாத அந்த நிமிஷத்திலேயே போகலாம்.

நம்மில் பலர் சொத்தைப் பல்லைப் பிடுங்குவதுபோல ஆண்டவர் கோபத்தை ஒரே இரவில் எடுத்துப்போட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சிலருக்கு அப்படியும் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பவுல் தன் உழைப்பைப் பற்றிச் சொல்வது, தனக்குள்ளே வல்லமையாய்ச் செயல்படுகிற கிறிஸ்துவின் பலத்தின்படி 'போராடிப் பிரயாசப்படுகிறேன்' என்று (கொலோசெயர் 1:29). பலம் அவருடையது, பிரயாசம் என்னுடையது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. நீங்கள் போராடிக்கொண்டிருப்பதே வல்லமை இல்லை என்பதற்கு அடையாளம் என்று நினைத்திருந்தால், அது தவறு.

இனி வீட்டுக்குள் வருவோம். சாயங்காலம், நீங்கள் களைத்திருக்கிறீர்கள். ஒரே விஷயத்தை மூன்றாவது தடவை சொல்லியும் மகன் அசையவில்லை. உங்கள் தாடை இறுகுகிறது, குரல் ஒரு படி ஏறுகிறது, அவன் தோள்கள் காதுவரை உயர்கின்றன. அடி விழுமோ என்று பிள்ளைகள் ஒடுங்குகிற மாதிரி. அவன் தோள்கள் உயர்வதை நீங்கள் கவனித்துவிட்டால், ஒரு மூச்சு அளவு இடைவெளி கிடைத்துவிட்டது. நீண்ட ஜெபத்துக்கு அங்கே நேரமில்லை. 'ஆண்டவரே, இப்போது உதவும்' என்றால் போதும். உடனே உடம்பால் ஒன்று செய்யுங்கள்: உட்காருங்கள், அல்லது அடுத்த அறைக்குப் போங்கள். உணர்வு மாறட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தவறிப்போய்க் கத்திவிட்டீர்களா? அன்றைக்கே பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். 'நான் அப்படிக் கத்தியது தப்பு' என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். 'ஆனால் நீயும்…' என்று இழுக்கக் கூடாது. உபவாசத்தைவிட இதுதான் கடினம் என்பேன். தன்னை நியாயப்படுத்தாமல் ஒரு சிறு பிள்ளைக்கு முன்னால் நிற்பதற்கு மேலிருந்து பலம் வேண்டும்.

உபவாசத்தைப் பற்றி என் கருத்து ஒன்று. பசியில் எரிச்சல் கூடுகிற ஆள் நீங்கள் என்றால், பிள்ளைகள் வீட்டில் இருக்கிற நாட்களில் கொஞ்ச காலம் அதை விட்டுவிடுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ட தீர்க்கதரிசி எலியா, அதன்பின் ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து சாவு வேண்டும் என்று கேட்டார். தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, விசுவாசப் பாடமும் எடுக்கவில்லை. தூங்கியவரை எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், திரும்பத் தூங்கவும் விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். உங்களுக்குச் சரியான தூக்கம் கிடைத்து எவ்வளவு நாளாகிறது? வீட்டு வேலையில் எது உங்கள் தலையில் மட்டும் விழுகிறது? இதைக் கணவரோடு உட்கார்ந்து பேசுவதும் ஆவிக்குரிய காரியம்தான்.

தனியாகவும் போராடாதீர்கள். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஜெபிக்கச் சொல்கிறது யாக்கோபு நிருபம் (ஏரோது கொன்ற யாக்கோபு அல்ல, இவர் வேறொருவர்). உங்களை எடைபோடாத ஒரு சகோதரியைத் தேர்ந்தெடுங்கள். 'எனக்காக ஜெபியுங்கள்' என்று பொதுவாகச் சொல்லாமல், சாயங்காலம் எந்த நேரத்தில் நீங்கள் உடைந்துபோகிறீர்கள் என்று சொல்லி, அந்த நேரத்தில் ஜெபிக்கக் கேளுங்கள்.

கடைசியாக, கை நீட்டி அடிக்கிற அளவுக்குப் போகிறது என்றாலோ, காரணமில்லாத அழுகையும் சோர்வும் வாரக்கணக்கில் விடவில்லை என்றாலோ மருத்துவரைப் பாருங்கள். உங்களையோ பிள்ளைகளையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே போங்கள். அப்படிப் போவது அவிசுவாசம் ஆகாது. தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் ஜெபத்தை மட்டும் எழுதி அனுப்பவில்லை, கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். அவரோடு கூடவே இருந்த லூக்காவும் வைத்தியர்தான்.