லாரி கிளட்ச் ஸ்லிப்: கியர்பாக்ஸை இறக்கும் முன்

நாமக்கல் பக்கம் பட்டறையில் பல வருடமாகக் கனரக வண்டி வேலை பார்க்கிறேன். கிளட்ச் ஸ்லிப், அதாவது கிளட்ச் நழுவி இன்ஜினின் இழுவை சக்கரத்துக்கு முழுசாகப் போகாமல் இருப்பது பற்றி டிரைவர்களும் உரிமையாளர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, தேங்காய் லோடோடு திம்பம் மலைப்பாதை ஏறும்போது இன்ஜின் உறுமுகிறது, வண்டி ஏற மாட்டேன் என்கிறது. கிளட்ச்சா, இன்ஜினில் இழுவை இல்லையா? (சத்தியமங்கலம்)

ஆர்பிஎம் முள்ளைப் பாருங்க தம்பி. ஆக்சிலேட்டரை அழுத்தியதும் முள் சட்டென்று மேலே போய், வேகம் மட்டும் அப்படியே நின்றால் அது கிளட்ச். முள்ளும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் கிளட்ச் மேல் பழி போடாதீர்கள். டீசல் ஃபில்டர் அடைப்பு, டர்போ ஹோஸ் கிழிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்லிப் எப்போதும் மேல் கியரில், லோடோடு, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தும்போதுதான் முதலில் தலை காட்டும். காலி வண்டியை ஊருக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்ல முடியாது. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் பாதி கிளட்ச்சில் வண்டியைத் தாங்கினால் நல்ல கிளட்ச் ப்ளேட்டும் கருகும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட்டு, காலைப் பெடலை விட்டு முழுசாக எடுத்துவிடுங்கள்.

எங்களுடையது போர்வெல் ரிக் வண்டி. ரோட்டில் ஓடுவது கம்மி. நின்ற இடத்திலேயே சோதிக்க முடியுமா? (திருச்செங்கோடு)

முடியும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக் போடுங்கள். முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கக் கூடாது. டாப் கியர் போட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துக் கிளட்ச்சை விடுங்கள். இன்ஜின் அமுங்கி உடனே நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்லிப் உறுதி. ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கிற ப்ளேட்டையும் எரித்துவிடுவீர்கள். ரிக் வண்டிகளில் கிளட்ச் சாவது பெரும்பாலும் தோட்டத்துக்குள்தான். உழுத மண்ணில் ரிவர்ஸில் பாதி கிளட்ச்சோடு முன்னும் பின்னும் நகர்த்துவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

புது கிளட்ச் செட் போட்டு நாலு மாதம்தான் ஆகிறது. மறுபடியும் ஸ்லிப் அடிக்கிறது. ப்ளேட் டூப்ளிகேட் என்கிறார் மெக்கானிக். (சங்ககிரி)

இருக்கலாம். ஆனால் பழைய ப்ளேட் ஏன் எரிந்தது என்று யாராவது பார்த்தார்களா? அதைப் பார்க்காமல் எந்த ப்ளேட் போட்டாலும் கதை இதுதான்.

கியர்பாக்ஸை இறக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வண்டி சூடாகி ஸ்லிப் அடிக்கும் நேரத்தில் ஓரம் கட்டி, கட்டை வைத்து, இன்ஜினை அணையுங்கள். பெடலை யாரும் தொடாமல், கீழே கிளட்ச் சிலிண்டரில் காற்று எடுக்கிற நிப்பிளை லேசாகத் திறங்கள். ஃப்ளூயிட் பீய்ச்சி அடித்தால் உள்ளே பிரஷர் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். நீங்கள் காலை எடுத்துவிட்டாலும் கிளட்ச் பாதி மிதித்தபடியே இருந்திருக்கிறது. திறந்த பிறகு ஸ்லிப் போய்விட்டால் ப்ளேட் மேல் குற்றமில்லை. பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரில் ஃப்ளூயிட் திரும்புகிற சிறு துளை அடைத்திருக்கும், அல்லது பெடல் ராடுக்கு இடைவெளி இல்லாமல் செட் செய்திருப்பார்கள். (சோதனை முடிந்ததும் காற்று எடுக்க மறக்காதீர்கள். ஃப்ளூயிட் கண்ணில் படக் கூடாது.)

பல வருடம் முன்பு ஒரு டிரெய்லருக்கு நானே இரண்டு முறை ப்ளேட் மாற்றினேன். மூன்றாவது முறைதான் இந்தத் துளையைக் கண்டுபிடித்தேன். அந்த உரிமையாளரின் பணமும் இரண்டு வார ஓட்டமும் வீணானது இன்னும் மனதில் உறுத்துகிறது. அதற்குப் பிறகு நிப்பிளைத் திறந்து பார்க்காமல் நான் கியர்பாக்ஸில் ஸ்பானர் வைப்பதில்லை.

ஏர் பூஸ்டர் (காற்றழுத்தத்தால் கிளட்ச் மிதிக்க உதவுவது) இருந்தால், பெடலை விட்டதும் அதன் ராடு முழுசாகப் பின்னால் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஃப்ளூயிட் இல்லாமல் கேபிளால் கிளட்ச் இழுக்கும் வண்டி என்றால் பெடலில் ஃப்ரீ பிளே, அதாவது மிதித்ததும் முதலில் சும்மா இறங்கும் கொஞ்சம் தூரம், இருக்க வேண்டும். ப்ளேட் தேயத் தேய அது குறைந்துகொண்டே வரும். இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கியர்பாக்ஸை இறக்குங்கள். இறக்கினால் ப்ளைவீலை (ப்ளேட் அழுந்திப் பிடிக்கிற இன்ஜின் சக்கரம்) பாருங்கள். நீலத் திட்டு, முடி போன்ற விரிசல் இருந்தால் அதற்கும் வேலை உண்டு. அதை விட்டுவிட்டுப் புது ப்ளேட் மட்டும் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

பெடலை மிதித்தால் கிர்ரென்று சத்தம், ரிவர்ஸ் கியர் கரகரவென்று விழுகிறது. இதுவும் ஸ்லிப்பா? (கரூர்)

இல்லைங்க, இது நேர் எதிர். கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை. சத்தத்துக்கு ரிலீஸ் பேரிங்கை (பெடலை மிதித்ததும் கிளட்ச்சைத் தள்ளிப் பிரிக்கிற பேரிங்) பாருங்கள்.

ப்ளேட்டில் ஆயில் பட்டிருக்கிறது. பெட்ரோலில் கழுவிப் போடலாமா? (பொள்ளாச்சி)

வேண்டாம். ப்ளேட்டின் மேல் உராய்கிற ஃபேசிங் ஆயிலைக் குடித்துவிடும், சூடானதும் வெளியே விடும். ப்ளேட்டை மாற்றத்தான் வேண்டும். அதற்கு முன் ஆயில் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில், கியர்பாக்ஸ் முன் சீல் போயிருக்கும். கறுப்பான இன்ஜின் ஆயில் என்றால் கிராங்க் பின் சீல்.

வழியில் ஸ்லிப் ஆரம்பித்தால் எப்படியாவது ஊர் வந்து சேர முடியுமா? (ஈரோடு)

சமவெளி என்றால் ஆறவிட்டு, கீழ் கியரில், லேசான ஆக்சிலேட்டரில் பக்கத்துப் பட்டறை வரை போகலாம். மலையில் வேண்டாம். ஏறும்போது நழுவுகிற கிளட்ச் இறங்கும்போதும் நழுவும். இன்ஜின் பிரேக், எக்ஸாஸ்ட் பிரேக் இரண்டின் பிடியும் கிளட்ச் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. அது நழுவினால் மொத்த லோடும் ஃபுட் பிரேக் மேல் விழும், டிரம் சூடேறும். திம்பத்துக்குக் கீழேயிருந்து போகிறவர்கள் அடிவாரத்துப் பண்ணாரியிலேயே நிறுத்திவிடுங்கள். மைசூர் பக்கமிருந்து வருகிறவர்கள் ஆசனூரைத் தாண்டாமல் ஆளை வரவழையுங்கள். ஒரு நாள் தாமதத்துக்கு லோடுக்காரரிடம் நானே வேண்டுமானாலும் பேசுகிறேன்.