வளர்கிற கம்பெனி எது? உங்கள் பில் புத்தகமே சொல்லும்

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கிறேன். என்னிடம் மூன்று ஆண்டுகளாக வாங்கும் இரண்டு கம்பெனிகள், ‘வேகமாக வளர்கிறோம், 90 நாள் கடன் கொடுங்கள்’ என்கின்றன. உண்மையிலேயே வளர்வது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கம்பெனி முதலாளி பைபாஸ் பக்கம் புது ஷெட் போட்டார், புது கார் எடுத்தார் என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். அவருக்குக் கடன் கிடைக்கிறது என்பதுதான் அதில் தெரியும். உங்கள் பில் புத்தகத்தைத் திறங்கள். பாங்க் மேனேஜருக்குத் தெரியாதது அதில் இருக்கிறது. ஒரு ஜோடி ஷூவுக்கு ஒரு பெட்டி. பெட்டி கூடினால் ஷூவும் கூடுகிறது, அவ்வளவுதான் கணக்கு.

போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடாதீர்கள். ஐரோப்பிய ஆர்டர் சீசன் பார்த்து வரும். சென்ற ஆண்டின் இதே மூன்று மாதங்களோடு வைத்துப் பாருங்கள். ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் அளவுகோல்படி, தொடக்கத்தில் 10 பேராவது வேலை செய்யும் நிறுவனம் 3 ஆண்டுகளுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தால்தான் அது வேக வளர்ச்சி. ஆண்டுக்கு ஒரு லட்சம் பெட்டி எடுத்தவர் மூன்று ஆண்டில் 1,72,800-ஐத் தாண்டியிருக்க வேண்டும்.

ஒரு சந்தேகம் வேண்டும். அவருக்கு வேறு யாராவது பெட்டி கொடுத்துக்கொண்டிருந்து, பணம் வராமல் நிறுத்தியிருந்தால், அந்த ஆர்டரும் உங்களிடம்தான் வரும். பார்வைக்கு வளர்ச்சி போலவே இருக்கும். ஊரில் ஒரு டீ குடித்தால் தெரிந்துவிடும் விஷயம் இது, கூச்சப்படாமல் விசாரியுங்கள்.

அப்புறம், பெட்டியில் அச்சாகும் பிராண்ட் பெயர்களை எண்ணுங்கள். எல்லாம் ஒரே பெயர் என்றால் அந்த வெளிநாட்டுக்காரர் தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வரும். இரண்டாவது, மூன்றாவது பெயர் சேர்ந்து, பழைய பெயரும் திரும்பத் திரும்ப வந்தால் நல்ல அறிகுறி.

பணம் தாமதமானால் உடனே பயப்பட வேண்டாம். வளர்ச்சிதான் பணத்தை அதிகம் விழுங்கும். 90 நாள் கழித்துப் பணம் வாங்கும் கம்பெனிக்கு ஆண்டுக்கு ஒரு கோடி விற்பனையில் சுமார் 25 லட்சம் வெளியே நிற்கும். விற்பனை 1.73 கோடியானால் அது 43 லட்சம். தோல்காரருக்கும் கூலிக்கும் அதுவரை கைக்காசுதான். ஆனால் ஆர்டர் அப்படியே இருக்க, பணம் வரும் நாள் மட்டும் 40, 55, 70 என்று நீண்டால் அது வேறு கதை. ஜிஎஸ்டி தளத்தில் அவருடைய எண்ணைப் போட்டால் ரிட்டர்ன் எந்தத் தேதியில் தாக்கலானது என்று யாரும் பார்க்கலாம். அங்கேயும் மாதாமாதம் இழுபறி என்றால் விலகியிருங்கள்.

இன்னொன்று: உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) பெற்ற குறு, சிறு உற்பத்தியாளராக நீங்கள் இருந்தால், 90 நாளுக்கு ஒப்பந்தம் எழுதினாலும் சட்டம் அனுமதிப்பது அதிகபட்சம் 45 நாள்தான். எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் வட்டி உண்டு. பெட்டி வாங்கிய செலவை வருமான வரிக் கணக்கில் கழிப்பதற்கும், உங்களுக்குப் பணம் கொடுக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டும். இதைச் சண்டையாக இல்லாமல் சாதாரணமாகவே அவரிடம் சொல்லலாம்.

ஆகவே கடன் நாட்களைக் கூட்டாதீர்கள். வளர்கிறவருக்குக் கடன் வரம்பை ரூபாயில் கூட்டிக் கொடுங்கள். மற்றவருக்குப் பழைய பில் தீர்ந்த பிறகே அடுத்த லோடு.