மூன்று மணி நேரத் தூக்கம், ஓயாத பேச்சு... தம்பிக்கு பைபோலாரா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. போன வருடம் இரண்டு மாதம் வேலைக்குப் போகாமல், யாரிடமும் பேசாமல் படுத்தே கிடந்தான். டிப்ரஷன் என்று டாக்டர் எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. எழுதிக்கொடுத்தார். தேறிவிட்டான், மாத்திரையையும் தொடர்கிறான். இப்போது பத்து நாளாக இரவில் மூன்று மணி நேரம்தான் தூங்குகிறான், ஆனால் களைப்பே இல்லை. ஓயாமல் பேசுகிறான். ஏற்றுமதித் தொழில் தொடங்குகிறேன் என்று கடன் ஆப்களில் பணம் வாங்குகிறான். தடுத்தால் கத்துகிறான். ‘இது பைபோலார், ஒருத்தருக்குள்ளேயே ரெண்டு பேர் இருப்பாங்க’ என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எந்த டெஸ்ட் எடுத்தால் தெரியும்? கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. செய்யலாமா?

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பெயர் சரியாக இருக்கலாம், விளக்கம் தவறு. ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் இருப்பது வேறு நோய். பைபோலாரில் ஆள் ஒருவர்தான். அவருடைய மனநிலை, தூக்கம், வேகம் மூன்றும் சேர்ந்து சில காலம் மிக மேலே ஏறும், சில காலம் கீழே விழும். நடுவில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட இயல்பாக இருப்பார்கள். காலையில் சிரிப்பு, மாலையில் எரிச்சல் என்று ஒரே நாளில் மாறுவதை மட்டும் வைத்து பைபோலார் என்று சொல்வதில்லை.

நாள் கணக்கு இங்கே முக்கியம். எழுச்சி நிலை ஒரு வாரமாவது, நாளின் பெரும்பகுதி நீடித்தால் அது மேனியா. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போய்விட்டால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. நான்கு நாளாவது நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் பெரிதாகக் கெடுக்காமல் இருந்தால் ஹைப்போமேனியா. தாழ்ந்த நிலைக்கு இரண்டு வாரம். உங்கள் தம்பிக்குப் பத்து நாள் ஆகிவிட்டது, கடனும் ஏறியிருக்கிறது. கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாதுதான், ஆனால் நீங்கள் எழுதியிருப்பது மேனியாவைப் போலத்தான் இருக்கிறது. இந்த வாரமே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது ‘களைப்பே இல்லை’ என்ற வார்த்தைதான். தூக்கம் வராதவர் புரண்டு படுப்பார், மறுநாள் கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்பார். மேனியாவில் இருப்பவருக்குத் தூக்கமே தேவைப்படாது. இரண்டு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்து, பீரோவைக் காலிசெய்து அடுக்குவார், பழைய நண்பர்களுக்கெல்லாம் போன் போடுவார். இதோடு, தன்னால் முடியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும் எண்ணங்கள், கவனச்சிதறல், பின்விளைவை யோசிக்காத செலவு அல்லது வண்டியோட்டம் ஆகியவற்றையும் பார்ப்போம். எப்போதும் சந்தோஷமாகத்தான் இருப்பார் என்றில்லை, சிலருக்கு எரிச்சலும் கோபமும்தான் முன்னால் நிற்கும்.

டெஸ்ட் என்றால், பைபோலாரைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ஸ்டீராய்டு மாத்திரை, கஞ்சா போன்ற வேறு காரணங்கள் இல்லையா என்று பார்க்கத்தான் டெஸ்ட் எழுதுவார்கள். நோயைக் கண்டுபிடிப்பது பழைய கதையைக் கேட்டுத்தான். அந்தக் கதையில் பாதி குடும்பத்திடம்தான் இருக்கும். துவண்டு போகும்போது டாக்டரிடம் வருகிறார்கள், எழுச்சியில் இருக்கும்போது ‘நான் சூப்பரா இருக்கேன்’ என்று வருவதில்லை. பைபோலார் பல வருடம் வெறும் டிப்ரஷன் என்றே நினைக்கப்படுவது இதனால்தான்.

அது ஆபத்தும்கூட. டிப்ரஷன் மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மேனியா கிளம்பிவிடும். எனவே எஸ்சிட்டலோபிராம் எழுதிய டாக்டரை இன்றே அழைத்து நிலைமையைச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதை நிறுத்தச் சொல்வார், எப்படி நிறுத்துவது என்பதையும் அவரே சொல்லட்டும்.

போகும்போது பழைய சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். ஒரு நோட்டில் தினமும் படுத்த நேரம், எழுந்த நேரம், செலவு, போட்ட மாத்திரை எழுதுங்கள். கல்லூரி நாட்களில் இப்படி ஒரு ‘நல்ல காலம்’ வந்துபோனதா, அப்பா அம்மா வழியில் யாருக்காவது மனநோய், தற்கொலை உண்டா என்று விசாரித்து வையுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று அளவுக்கு உயரும். டாக்டரிடம் தனியாக ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிப் பேசுங்கள்.

வர மறுப்பான். ‘உனக்குப் பைத்தியம்’ என்று வாதாடாதீர்கள். ‘தூக்கம் கெட்டுப்போச்சு, அதுக்கு மட்டும் காட்டிட்டு வருவோம்’ என்றால் பலர் வருவார்கள், அது பொய்யும் அல்ல. அதுவரை வண்டிச் சாவி, ஏடிஎம் கார்டு உங்கள் கையில் இருக்கட்டும். குரல் கேட்கிறது என்றாலோ, அடிக்க வந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ காத்திருக்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், 108-ஐ அழையுங்கள். துடிப்பும் சோகமும் கலந்து வரும் நிலையில் தற்கொலை ஆபத்து அதிகம். ஆலோசனைக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவி சேவையான டெலிமானஸ் எண் 14416, இலவசம்.

லித்தியம் கொடுத்தால் பயப்படாதீர்கள். 1949 முதல் இந்த நோய்க்குப் பயன்படும் மருந்து, தற்கொலையையும் குறைக்கிறது. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு தப்பக் கூடாது. இரவு ஒன்பதுக்குப் போட்டால் மறுநாள் காலை ஒன்பதுக்கு, அடுத்த மாத்திரைக்கு முன் அந்த அளவைப் பார்க்க ரத்தம் கொடுக்க வேண்டும். நீண்டகாலப் பராமரிப்புக்கு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் போதும், 1.5-ஐத் தாண்டினால் விஷமாகும். வாந்தி, பேதி, கடும் வியர்வை, திடீரென உப்பைக் குறைத்த பத்தியம், தண்ணீர் குடிக்காத விரதம் எல்லாம் அளவை ஏற்றிவிடும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வலி மாத்திரைகளும் அப்படியே. கை பலமாக நடுங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் தைராய்டும் பார்க்க வேண்டும்.

கல்யாணம் இந்த நோய்க்கு மருந்தில்லை. கல்யாண வீட்டில் விழித்திருக்கும் இரவுகளே இன்னொரு மேனியாவைக் கிளப்பப் போதும். மருந்து எடுத்து நிலையாக இருப்பவர்கள் தாராளமாகக் கல்யாணம் செய்துகொண்டு குடும்பம் நடத்துகிறார்கள். முதலில் தம்பி நிலைப்படட்டும், அவனே விரும்பட்டும். பெண் வீட்டில் மறைக்காதீர்கள். மறைத்தால் மாத்திரையையும் மறைக்க வேண்டிவரும், மறைத்துச் சாப்பிடும் மாத்திரை சீக்கிரமே நின்றுபோகும்.