பட்டறைப் பக்கம்: நைனாவுக்கு ஒரு 25 பவுண்டர்

கேள்வி: எங்கள் நைனா பீரங்கிப் படையில் கன்னராகச் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். 1965 சண்டையில் 25 பவுண்டரில் வேலை பார்த்தார். கூடத்தில் அவர் பார்வை படும் இடத்தில் வைக்க அதே பீரங்கியின் மாதிரி ஒன்று செய்ய ஆசை. மரவேலை ஓரளவு வரும், லேத் கிடையாது. எந்த அளவில், எதைக் கொண்டு செய்வது? (வாசகர், பேரணாம்பட்டு)

பதில்: ரம்பத்தைத் தொடும் முன் அவரிடம் ஒன்று கேளுங்கள்: "பீரங்கியில் நீங்கள் எத்தனாவது நம்பர்?" 25 பவுண்டருக்கு ஆறு பேர். ஒன்றாம் நம்பர் தலைவர். இரண்டாம் நம்பர் பின்வாய்க் கட்டையை (குழலின் பின்முனையை அடைக்கும் கதவு) திறந்து மூடி, குண்டை உள்ளே இடித்துச் செலுத்துபவர். மூன்று, குறி வைக்கும் லேயர். நான்கு, குண்டு ஏற்றுபவர். ஐந்தும் ஆறும் வெடிபொருளைக் கவனிப்பார்கள். அவர் கை பட்ட பாகத்தில்தான் உங்கள் உழைப்பில் பாதி போக வேண்டும். லேயராக இருந்தவர் பச்சை நிறம் சரியா என்று பார்க்க மாட்டார். இடப்பக்கம் குறிபார்க்கும் கருவியும் கைச்சக்கரங்களும் இருக்கின்றனவா என்றுதான் பார்ப்பார். இரண்டாம் நம்பர் என்றால் மேலும் கீழும் நகரும் பின்வாய்க் கட்டையையும், வலப்பக்கத்து நெம்புகோலையும் தேடுவார்.

அளவு 1:10 போதும். அசலில் எத்தனை சென்டிமீட்டரோ, மாதிரியில் அத்தனை மில்லிமீட்டர். குழல் 247 மி.மீ., குழல் வாயிலிருந்து, வண்டியில் மாட்டி இழுக்கும் பின்கொக்கி வரை மொத்த நீளம் 460, சக்கர அச்சின் இரு முனைக்கும் இடையே அகலம் 213, குழல் தாங்கும் அச்சின் உயரம் 116, வாய்த் துவாரம் 8.8 மி.மீ. டயர் 9.00-16. அதாவது அகலம் 9 அங்குலம், ரிம் 16 அங்குலம். மாதிரியில் டயர் அகலம் 23, ரிம் 41, வெளி விட்டம் ஏறத்தாழ 89 மி.மீ.

மற்ற அளவுகளைப் படத்திலிருந்து எடுக்கலாம். நேர் பக்கவாட்டில், குழல் படுக்கையாக இருக்கும்போது எடுத்த புகைப்படம் ஒன்றைத் தேடி, சக்கரம் 89 மி.மீ. வரும்படி பெரிதாக்கி அச்சிடுங்கள். ஏ3 தாள் 420 மி.மீ.தான், பீரங்கி அதில் அடங்காது. வீட்டு பிளான் எடுக்கும் ஜெராக்ஸ் கடையில் ஏ2 தாளில் எடுங்கள். அச்சான படத்தில் குழல் 247 வருகிறதா என்று அளந்து பாருங்கள். வரவில்லையென்றால் படம் கோணலாக எடுத்தது, வேறு படம் தேடுங்கள். வந்தால் இனி ஸ்கேலை வைத்து அப்படியே அளந்து வெட்டலாம். இன்னொரு வழியும் உண்டு. டாமியா நிறுவனத்தின் 1:35 பிளாஸ்டிக் கிட்டில் இதே பீரங்கி வருகிறது. அதன் ஒவ்வொரு பாகத்தையும் வெர்னியரால் அளந்து 3.5-ஆல் பெருக்கினால் உங்கள் அளவு கிடைக்கும். படத்தில் தெரியாத அடிப்பக்கத்துக்கு இதுதான் நல்ல வழி.

குழலை மட்டும் லேத் பட்டறையில் கொடுங்கள். பித்தளை வேண்டாம், அலுமினியக் கம்பி போதும். பித்தளை மூன்று மடங்கு கனம். எந்தக் கோணத்தில் நிறுத்தினாலும் ஒரு வாரத்தில் மூக்குத் தொங்கிவிடும். இரு முனையிலும் 15 மி.மீ. கூடுதலாக விட்டு, மறுமுனையை டெயில் ஸ்டாக்கில் (லேத்தின் மறுபக்கத் தாங்கி) தாங்கிக் கடையச் சொல்லுங்கள். தாங்காமல் கடைந்தால் மெல்லிய முனை அதிர்ந்து, குழல் மேல் வரிவரியாகத் தடம் விழும். துவாரம் 25 மி.மீ. ஆழத்துக்கு மேல் வேண்டாம், காரணம் கடைசிக் கேள்வியில். வாய் முனையில் மசில் பிரேக் (பின்னுதைப்பைக் குறைக்கும் துளையிட்ட உறை) வைப்பதா என்பதை அவரிடமோ அவருடைய பழைய படத்திலோ பார்த்து முடிவு செய்யுங்கள். ஆரம்ப காலக் குழல்களில் அது கிடையாது. பின்னுதைப்பைத் தாங்கும் அமைப்பு குழலுக்குக் கீழே உள்ள தொட்டிலுக்குள் இருக்கிறது. பலர் குழலுக்கு மேலேயும் ஒரு உருளையை ஒட்டிவிடுகிறார்கள். அது வேறு பீரங்கி.

பின்பக்கம் தரையில் ஊன்றும் பின்கால் இரட்டைக் கால் இல்லை, ஒரே பெட்டி. இரண்டு பக்கப் பலகைகளையும் 3 மி.மீ. பிளைவுட்டில் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஒரே தடவையில் அறுங்கள்; தனித்தனியாக அறுத்தால் பீரங்கி ஒரு பக்கம் சாயும். குழலை உயர்த்தும்போது பின்வாய் இறங்கி அசைய இடம் வேண்டுமென்பதால் நடுவில் வெற்றிடம் இருக்கும். அழகுக்காக அதை மூடிவிடாதீர்கள்.

டயருக்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லை. ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் செருப்புச் சோல் ஷீட் விற்கும் கடைகளில் 6 மி.மீ. ஷீட் கேளுங்கள். மெத்தென்ற ஷீட் ஆறு மாதத்தில் அடியில் தட்டையாகிவிடும். நியோலைட் மாதிரி கெட்டியானது வேண்டும். ஒரு டயருக்கு 92 மி.மீ. வட்டம் நான்கு. ரப்பர் சொல்யூஷனை இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு அழுத்துங்கள். ஈரமாகவே ஒட்டினால் திரவம் உள்ளே அடைபட்டு, தேய்க்கும்போது அடுக்குகள் நழுவும். நடுவில் 6 மி.மீ. போல்ட் போட்டு டிரில்லில் மாட்டி, மரக்கட்டையில் ஒட்டிய 80-ஆம் நம்பர் எமரியால் மெதுவாகத் தேய்த்து 89-க்குக் கொண்டு வாருங்கள். வேகம் கூடினால் ரப்பர் உருகி எமரியில் அப்பிக்கொள்ளும். டயர் வரிகளை முக்கோண அரத்தால் போடலாம்.

இந்தப் பீரங்கிக்கே உரிய அடையாளம் அடியில் இருக்கும் வட்டத் தட்டு. அதன் விளிம்பில் இரு சக்கரமும் ஏறி நிற்கும். அதனால்தான் பீரங்கியைச் சுலபமாகச் சுற்றிலும் திருப்ப முடிந்தது. தட்டை முன்னதாக வெட்டிவிடாதீர்கள். சக்கரங்களை அச்சில் மாட்டி, நடுவுக்கு நடு அளந்த பிறகு வெட்டுங்கள்.

கவசத் தகடு 0.5 மி.மீ. அலுமினியம். வெள்ளைப் பூச்சுத் தகரத்தில் எனாமல் நிற்காது, துத்தநாகத்தோடு வினைபுரிந்து உரியும். அலுமினியத்தையும் 400 எமரியால் தேய்த்து எபாக்ஸி பிரைமர் அடித்த பிறகே ஆலிவ் பச்சை மேட் எனாமல், மெல்லியதாக இரண்டு கோட். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்பிரே அடித்தால் காற்றின் ஈரம் பெயின்டில் படிந்து வெள்ளை பூக்கும். வெயில் வரும்வரை பொறுங்கள். பின்வாய்க் கட்டை, நெம்புகோல் பிடி ஆகியவற்றைப் பச்சையில் முழுக்காட்ட வேண்டாம், இரும்பாகவே தெரியட்டும்.

நேரமிருந்தால் பக்கத்தில் நான்கு குண்டும் நான்கு பித்தளைத் தோட்டாக் கூடும் தனித்தனியாக வையுங்கள். 25 பவுண்டரில் குண்டு முதலில் போகும், கூடு பிறகு போகும். இரண்டையும் ஒட்டி ஒன்றாக வைத்தால் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். கூட்டுக்குள் சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று சிறு துணிப்பைகள் (வெடிமருந்துப் பைகள்) எட்டிப் பார்த்தால் பழைய கன்னர்கள் விடமாட்டார்கள், பேச ஆரம்பித்துவிடுவார்கள். பீடத்தில் அவர் நின்ற இடத்தில் ஒரு பித்தளைக் குமிழ் பதியுங்கள். பெயர்த் தகட்டைப் பாத்திரக் கடையில் பேர் வெட்டுபவரிடம் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை.

கேள்வி: அப்பா காலமாகிவிட்டார். அவருடைய சமர் சேவா நட்சத்திரம், ரக்ஷா மெடல் இரண்டையும் பீரங்கி மாதிரியோடு ஒரே கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா? மெடல்கள் கறுத்திருக்கின்றன. எப்படி விளக்குவது? (வாசகி, சித்தூர்)

பதில்: ஒரே பெட்டி வேண்டாம். டயர் ரப்பரிலிருந்து கந்தக ஆவி வந்துகொண்டே இருக்கும். மூடிய பெட்டியில் அது மெடலை இன்னும் கறுப்பாக்கும். எம்.டி.எஃப். (மர நாரைப் பசையிட்டு அழுத்திய) பலகையும் அமில ஆவி விடும். நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து, மெடல் அறையில் பருத்தித் துணி விரியுங்கள். ரிப்பனில் ஃபெவிகால் வேண்டாம். நூலால் இரண்டு தையல் போதும்.

புளி, விபூதி, பிராசோ எதுவும் கூடாது. மெடலில் அவருடைய நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். நான்கு முறை தேய்த்தால் அந்த எழுத்துதான் முதலில் மறையும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். கறுப்பு இருக்கட்டும்.

கேள்வி: கார்கிலில் போஃபர்ஸ் பீரங்கியில் இருந்த என் அண்ணனுக்கு அதே 1:10 அளவில் செய்யலாமா? டிவி ஸ்டாண்டில் இரண்டடி இடம் இருக்கிறது. (வாசகர், பலமநேர்)

பதில்: முடியாது. போஃபர்ஸ் 155 மி.மீ., குழல் நீளம் அதைப் போல 39 மடங்கு. பெருக்கினால் 6,045 மி.மீ.; 1:10-இல் குழல் மட்டுமே இரண்டடி. 1:20 எடுங்கள், குழல் 30 செ.மீ. வரும். அப்போதும் கால்களை விரித்து வைத்தால் ஸ்டாண்டை விட்டு வெளியே நிற்கும். கால்களைச் சேர்த்து, இழுத்துச் செல்லும் நிலையில் செய்வதே உங்கள் இடத்துக்குப் பொருத்தம். அதற்குச் சொந்தமாக ஒரு சிறு எஞ்சின் உண்டு. அந்தப் பெட்டியை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: தீபாவளிக்குப் பிள்ளைகள் ஓலைப் பட்டாசு வைத்து வெடிக்கும்படி குழலை முழுக்கத் துளைக்கச் சொல்கிறார்கள். (வாசகர், குடியாத்தம்)

பதில்: துளைக்காதீர்கள். கடைந்த அலுமினியம் வெடி அழுத்தத்தில் பிளந்து சிதறக்கூடும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'துப்பாக்கி' என்ற சொல்லுக்குள் பீரங்கியும் அடக்கம். போலியைச் சுடும் ஆயுதமாக மாற்றவும் உரிமம் வேண்டும். பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பொட்டு வெடித் துப்பாக்கி வாங்கிக் கொடுங்கள்.