கல்லாப்பெட்டி: வியாபாரிகளின் கேள்விகளுக்கு ஒரு காபித்தூள் கடைக்காரரின் பதில்கள்

கேள்வி: வீட்டில் சமைத்து நாற்பது பேருக்கு மதியச் சாப்பாட்டைக் கேரியரில் அனுப்புகிறேன். மாதக் கடைசியில் பணம் வாங்கும்போது ஒரு நோட்டையும் நீட்டிக் கருத்து எழுதச் சொல்கிறேன். எல்லாரும் ‘அருமை’, ‘வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கிறது’ என்று எழுதுகிறார்கள். ஆனால் மூன்று மாதத்தில் ஏழு பேர் நின்றுவிட்டார்கள். என்ன செய்வது?
– வாசகி, நாமக்கல்

பதில்: நீங்கள் எதிரே நிற்கும்போது ‘ரசத்தில் உப்புத் தூக்கல்’ என்று எழுத யாருக்கு மனம் வரும், அம்மா? கல்யாணப் பந்தியில் பெண்ணின் அப்பா வந்து ‘சாப்பாடு எப்படி?’ என்று கேட்டால் என்ன பதில் வருமோ, அதுதான் உங்கள் நோட்டில் இருக்கிறது.

திரும்பி வருகிற கேரியரைத் திறந்து பாருங்கள். கழுவாமலே அனுப்பச் சொல்லுங்கள். எந்த அடுக்கில் எது மிஞ்சியது என்று பதினைந்து நாள் குறித்து வையுங்கள். செவ்வாய்க்கிழமைக் கூட்டு பத்துக் கேரியரில் அப்படியே திரும்பினால், அதற்கு மேல் யாரும் எழுதித் தர வேண்டாம்.

நின்றுபோனவர்களிடம் ‘ஏன் நிறுத்திவிட்டீர்கள்?’ என்று கேட்காதீர்கள். ‘ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார்கள்’ என்று ஒரு பொய் சொல்ல வைத்துவிடுவீர்கள். ‘இப்போது மதியத்துக்கு என்ன செய்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். ‘எதிர்க் கடையில் தயிர்சாதம்’ என்றால், உங்கள் சாப்பாட்டின் அளவோ விலையோ அவருக்கு அதிகம். ‘பன்னிரண்டரைக்கே கிடைக்கிற இடத்தில்’ என்றால், சமையலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேரியர் தாமதமாகப் போயிருக்கிறது.

நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, தெரு, அவர் சொன்ன வார்த்தை, இவ்வளவுதான் அதில் இருக்கும். ‘தூள் சரியில்லை’ என்று சுருக்கி எழுத மாட்டேன். ‘கசக்கிறது’ வேறு, ‘கருகல் வாடை’ வேறு, ‘டிகாக்‌ஷன் இறங்கவில்லை’ வேறு. கடைசியில் சொன்னதற்கே மூன்று காரணம் உண்டு. அரைப்பு அதிக நைசாகப் போயிருக்கலாம். மழைக்காலத்தில், தூளில் கலந்திருக்கிற சிக்கரி ஈரத்தை இழுத்துத் தூள் கட்டிப்பட்டிருக்கலாம். அல்லது அவர்கள் வீட்டு ஃபில்டரின் துளைகள் அடைத்திருக்கலாம். அடைப்பு என்றால், ஃபில்டரின் அடிப்பக்கத்தை அடுப்பில் காட்டித் தட்டினால் போயிற்று. அதற்காக நான் அரைப்பை மாற்றினால் ஊருக்கே காபி கெட்டுவிடும்.

அப்படி ஒரு தடவை கெடுத்தும் இருக்கிறேன். ஒரு கோடையில் ஐந்தாறு பேர் வந்து ‘காபி சப்பென்று இருக்கிறது’ என்றார்கள். நான் அவசரக்காரன். வறுவலை ஏற்றினேன். மறு வாரமே, அதுவரை வாய் திறக்காத பழைய வாடிக்கையாளர்கள் ‘கசக்கிறதே’ என்று வந்து நின்றார்கள். அப்புறம்தான் நோட்டைப் புரட்டினேன். ‘சப்பென்று’ சொன்ன அத்தனை பேரும் ஒரே தெரு! ஒருவர் வீட்டுக்குப் போய், வெட்கத்தை விட்டுக் காபி கேட்டு வாங்கிக் குடித்தேன். குழாய் வேலை நடந்ததால் அந்தத் தெருவில் இரண்டு வாரமாகப் போர்வெல் தண்ணீர்தான். காரத்தன்மை மிகுந்த கடினநீர் காபியில் இருக்கிற மெல்லிய புளிப்பை அமுக்கிவிடும், ருசி தட்டையாகிவிடும். கேன் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். அதே தூளில் பழைய காபி வந்துவிட்டது. அவர்கள் சொன்ன குறை உண்மை, என் வைத்தியம்தான் தப்பு. தெருப் பெயரை மட்டும் எழுதாமல் விட்டிருந்தால் இன்றைக்கும் வறுத்துக்கொண்டே இருந்திருப்பேன்.

கேள்வி: செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ‘கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டால் பில்லில் பத்து சதவீதம் தள்ளுபடி’ என்று எழுதி ஒட்டலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒட்டாதீர்கள். தள்ளுபடியோ இலவசமோ கொடுத்து விமர்சனம் வாங்குவதைக் கூகுளின் விதிகள் தடுக்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இணைய விமர்சனங்களுக்கென்றே 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்திருக்கிறது. காசுக்கு வாங்கிய விமர்சனத்தை வெளியிடக் கூடாது என்கிறது அது. கட்டாயச் சட்டம் இல்லை என்றாலும் போக்கு எந்தப் பக்கம் என்று தெரிகிறது அல்லவா?

அந்தப் பத்து சதவீதத்தை விடுங்கள். பேட்டரி மாற்றிக் கொடுத்த பத்தாவது நாள் ஒரு போன் போட்டு, ‘சார்ஜ் நிற்கிறதா?’ என்று மட்டும் கேளுங்கள். ‘எங்கள் சேவை எப்படி?’ என்று கேட்டால் ‘நல்லது’ என்று வைத்துவிடுவார். சார்ஜ் நிற்கிறதா என்றால் மதியமே தீர்ந்துபோவதைச் சொல்வார்.

கேள்வி: எங்கள் இனிப்பு பன்னில் இனிப்பு அதிகம் என்கிறார் ஒருவர். மறுநாள் வேறொருவர் போதவில்லை என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– பேக்கரி நடத்துபவர், சிவகாசி

பதில்: இருவரும் எந்த நேரத்தில் வருகிறார்கள் என்று பார்த்தீர்களா? காலையில் டீயில் தோய்த்துச் சாப்பிடுகிறவருக்கு ஒரு நாக்கு, மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கு வேறு நாக்கு. நடுவில் ஒரு பன் போட்டால் இரண்டு பேரையும் இழப்பீர்கள். என் கடையில் வீட்டுக்காரர்களுக்கு எண்பதுக்கு இருபது, டிகாக்‌ஷன் கெட்டியாக வேண்டும் என்கிற காபிக் கடைக்காரர்களுக்கு அறுபதுக்கு நாற்பது என்று சிக்கரிக் கலவை இரண்டாகப் பிரிந்தது இப்படித்தான்.

ஆனால் ஒருவர், ‘சிக்கரியை இன்னும் ஏற்றி விலையைக் குறையுங்கள்’ என்று விடாமல் கேட்டார். சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கலவை விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது விதி. நான் மறுத்துவிட்டேன். அவர் அதற்குப் பிறகு வரவில்லை. நானும் போன் செய்யவில்லை.

கேள்வி: ‘நம் இடத்துக்கு வருபவர்களில் வாடிக்கையாளரே மிக முக்கியமானவர்’ என்று காந்தி சொன்ன வாசகத்தைப் புதுக் கடையில் மாட்டலாம் என்றிருக்கிறேன். பொருத்தமாக இருக்குமா?
– வாசகர், தென்காசி

பதில்: காந்தி அப்படிச் சொன்னதற்கு அவர் எழுத்துகளில் சான்று இல்லை என்கிறார்கள், தேடிப் பார்த்தவர்கள். என் கடையிலும் அந்தப் படம் பதினொரு வருடம் தொங்கியது. தூள் வாங்க வருகிற ஒரு தலைமையாசிரியை, ‘எந்த வருடம் சொன்னார்?’ என்று கேட்டார். அன்று மாலையே கழற்றிவிட்டேன். அந்த ஆணியில்தான் இப்போது என் நோட்டு தொங்குகிறது. ‘எந்த வருடம் சொன்னார்?’ என்ற அந்தக் கேள்வியையும், தேதியும் தெருவும் போட்டு, அதில் எழுதி வைத்திருக்கிறேன்.