கொலுப் பொம்மைகளை ஜெர்மனிக்குக் கொண்டு வரலாமா?

வணக்கம் சகோதரி.

கணவருக்கு டிரெஸ்டனில் வேலை கிடைத்து, கோடையில் குடும்பத்தோடு வருவதாக எழுதியிருந்தீர்கள். மாமியார் தன் கொலுப் பொம்மைகள் மொத்தத்தையும் உங்களிடம் ஒப்படைக்க ஆசைப்படுகிறார். எல்லாவற்றையும் கொண்டு வர முடியுமா, இங்கே கொலு வைத்தால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள், இப்போதே கிறிஸ்துமஸ் மரம் கேட்கும் ஆறு வயது மகளுக்கு என்ன சொல்வது என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். நான் பக்கத்திலேயே கெம்னிட்ஸில் குடியேறி, பிள்ளைகளை இங்கேயே வளர்த்தவள். வருடா வருடம் கொலு வைக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் கொண்டு வர வேண்டாம். இங்கே வாடகை வீட்டில் ஒன்பது படிக்கு இடம் கிடைக்காது. மூன்று படி, மிஞ்சினால் ஐந்து. இடத்தை விடுங்கள், பெட்டியிலிருந்து ஒரு பொம்மையை எடுக்கும்போது அதைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்தால்தான் பிள்ளைக்கு அது மனதில் ஒட்டுகிறது. தசாவதார செட், கல்யாண செட் எல்லாம் எப்போது ஊருக்குப் போனாலும் வாங்கிக்கொள்ளலாம். மாமியாருக்கு அவருடைய அம்மா கொடுத்தது, உங்கள் கணவர் சின்ன வயதில் கீழே போட்டு மூக்கு உடைந்தது, பேத்தி பிறந்த வருடம் வாங்கியது, இந்த மாதிரிப் பொம்மைகளாகப் பதினைந்து இருபது எடுத்துத் தரும்படி அவரையே கேளுங்கள். மிச்சத்தை நாத்தனார், ஓரகத்தி வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் அவையும் ஆண்டுதோறும் படியேறும்.

அவர் எடுத்துத் தரும்போது பக்கத்தில் உட்கார்ந்து போனில் பதிவு செய்யுங்கள். கேள்வி அதிகம் கேட்க வேண்டாம், பொம்மையைக் கையில் கொடுத்தால் அவரே பேசுவார். ஒவ்வொன்றின் அடியிலும் வருடம், யார் கொடுத்தது, எந்த ஊரில் வாங்கியது என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டுச் செட்டியார் பொம்மையின் அடியில் என் அப்பாவின் கையெழுத்தில் 'விளாச்சேரி, 1981' என்று இருக்கிறது. என் மகன் எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கத் தொடங்கிய நாட்களில் அந்தப் பொம்மையைக் கவிழ்த்துக் கவிழ்த்து அதைப் படிப்பான். தாத்தாவை அவன் பார்த்ததில்லை. அந்த 'ழ'கர 'ள'கரக் குழப்பமெல்லாம் தீர்வதற்கு முன்பே தாத்தாவின் எழுத்து எப்படிச் சாய்ந்திருக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம், மூட்டை கட்டுவது. காஞ்சிபுரத்துக் காகிதக்கூழ் பொம்மைகளும் கொண்டபள்ளி மரப்பொம்மைகளும் எடை குறைவு, பெட்டியில் போட்டாலும் தாங்கும். பண்ருட்டி மண் பொம்மைகளை நைந்த பருத்திப் புடவையில் ஒவ்வொன்றாகச் சுற்றிக் கைப்பையில் எடுத்து வாருங்கள். கைகளும் கழுத்தும்தான் முதலில் உடையும், அங்கே பஞ்சு கூடுதலாக வையுங்கள். கிருஷ்ணர் தலையில் நிஜ மயிலிறகு செருகியிருந்தால் எடுத்து ஊரிலேயே வைத்துவிடுங்கள், மயிலிறகை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. மரப்பாச்சி செம்மரத்தில் செய்ததா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். செம்மரம் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் உள்ள மரம். பழைய குடும்பப் பொருள் என்றாலும் கிளம்புவதற்கு முன்பே சுங்கத்துறையில் விசாரித்துவிடுவது நல்லது. விமான நிலையத்தில் வைத்து அதைப் பிரிய நேர்ந்தால் மனம் தாங்காது.

என் மரப்பாச்சி ஜோடி வேறு மரம். எனக்குக் கல்யாணத்தில் அம்மா கொடுத்தது. ஒவ்வொரு நவராத்திரிக்கும் அதற்குப் புதுத் துணி தைக்கிறோம், ஆனால் பழையதைக் கழற்றுவதில்லை, மேலேயே போர்த்துகிறோம். பெண் பொம்மையின் அடிப்பாவாடை என் கூரைப்புடவையில் வெட்டிய கரை. அதற்கு மேல் என் தங்கை கல்யாணத்து ரவிக்கைத் துண்டு. அதற்கும் மேலே, மகள் மழலையர் பள்ளியில் வெட்டிய சிவப்புக் கம்பளித் துணி, தையல் கோணலாக, நூல் தொங்கிக்கொண்டு. பாவாடை இப்போது குடை மாதிரி விரிந்து நிற்கிறது. மகள் அதை ஒவ்வொரு மடிப்பாகத் தூக்கிப் பார்த்து எது யாருடையது என்று சொல்வாள்.

இங்கே பொம்மைகளுக்குப் பெரிய எதிரி நிலவறை. அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் கீழே ஓர் அறை தருவார்கள், ஆளுக்கு ஆள் பழைய சாமான்களை அங்கேதான் போடுவார்கள். பழைய கட்டடமென்றால் ஈரம் இருக்கும். காகிதக்கூழ் பொம்மை அங்கே இருந்தால் பூசணம் பிடிக்கும், மண் பொம்மையில் வண்ணம் உரியும். வீட்டுக்குள்ளேயே அலமாரியின் மேல்தட்டில், மூடியுள்ள பெட்டியில், ஈரம் உறிஞ்சும் பைகள் போட்டு வையுங்கள். வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், குளிர்காலம் முழுக்க அது ஓடும்போது காற்று வறண்டு மரம் வெடிக்கும்.

சரி, அக்கம்பக்கம். நீங்கள் வந்து சேருகிற சாக்சனி மாநிலம் ஜெர்மனியிலேயே பொம்மை வைக்கும் வழக்கம் ஊறிப்போன இடம். எங்கள் ஊருக்குத் தெற்கே, செக் நாட்டு எல்லையை ஒட்டி எர்ஸ்கெபிர்கெ என்ற மலைப்பகுதி இருக்கிறது. வெள்ளியும் வெள்ளீயமும் தோண்டிய சுரங்க ஊர்கள். 2019இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுரங்கத்தில் வரும்படி குறையக் குறைய மக்கள் மரம் கடைந்து பொம்மை செய்யத் தொடங்கினார்கள். சைஃபன் என்ற சிற்றூர் அதற்குப் பேர்போனது.

குளிர்காலத்தில் சுரங்கத் தொழிலாளி விடியுமுன் குழிக்குள் இறங்கி இருட்டிய பிறகே வெளியே வருவார். பகலையே காணாத அந்த மனிதர்களின் ஊர்களில் ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு வைக்கும் பழக்கம் வேர்விட்டது. வீட்டில் எத்தனை ஆண் பிள்ளைகளோ அத்தனை சுரங்கத் தொழிலாளி பொம்மைகள், எத்தனை பெண் பிள்ளைகளோ அத்தனை தேவதைப் பொம்மைகள், கையில் மெழுகுவர்த்தியோடு ஜன்னலில் நிற்கும். தெருவில் போகிறவர் பார்த்தாலே வீட்டுக் கணக்குத் தெரியும். இப்போது எல்லா ஜன்னலிலும் நீங்கள் பார்க்கப்போவது அரைவட்ட விளக்கு வளைவு, பெரும்பாலும் ஏழு விளக்குகளோடு. ஷ்விப்போகன் என்பார்கள். கிடைத்தவற்றில் பழையது 1740 என்று வருடம் போட்ட இரும்பு வளைவு.

க்ரூன்ஹைனிஷன் என்ற ஊரில் 1915இல் இரண்டு பெண்கள் தொடங்கிய பட்டறை ஒன்று இன்னும் நடக்கிறது. அங்கே செய்கிற தேவதைகளுக்குப் பச்சை இறக்கை, அதில் பதினொரு வெள்ளைப் புள்ளிகள். வயலின், புல்லாங்குழல், முரசு என்று ஒவ்வொன்றும் ஒரு வாத்தியம் வாசிக்கும். விலை அதிகம். அதனால் பல குடும்பங்களில் ஆண்டுக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று என்று வாங்கிச் சேர்க்கிறார்கள். வருடம் ஒரு பொம்மையாவது புதிதாக வாங்க வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வதை இவர்களுக்கு நீங்கள் விளக்கவே தேவையில்லை.

எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி தன் பொம்மைகளை எனக்குக் காட்டிய நாளில்தான் இது எனக்கு முழுசாகப் புரிந்தது. அவரிடம் புகை விடும் மரத் தாத்தா ஒருவர் இருக்கிறார். வயிற்றைத் திறந்து உள்ளே சின்னக் கூம்பு ஊதுவத்தியைக் கொளுத்தி வைத்தால் வாய் வழியே புகை வரும். சாம்பிராணி போட்ட வீடு மாதிரியே மணக்கும். இந்தத் தாத்தாவின் புகைக்குழாய் எப்போதோ தொலைந்து, அந்த இடத்தில் ஒரு தீக்குச்சியைச் செதுக்கிச் செருகியிருந்தது. பாட்டியின் கணவர் செய்தது. கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்த காலத்தில் இந்தப் பொம்மைகளில் பெரும்பகுதி அந்நியச் செலாவணிக்காக வெளிநாட்டுக்குப் போய்விடும், செய்கிற ஊரிலேயே கிடைப்பது அரிது. யாரோ தெரிந்தவர் மூலம் கடைக்காரர் எடுத்து வைத்துக் கொடுத்ததாம். புதுக் குழாய் இப்போது எந்தக் கடையிலும் கிடைக்கும். பாட்டி மாற்றவில்லை.

பாட்டி சொன்ன இன்னொன்று என்னைச் சிலிர்க்க வைத்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளையும் சேர்த்த காலத்தை அட்வென்ட் என்பார்கள். அதன் முதல் ஞாயிறை ஒட்டிப் பெட்டிகளைத் திறந்து பொம்மைகளை வெளியே எடுப்பதை, அவற்றை எழுப்புவது என்றே இங்கே சொல்கிறார்கள். நாம் விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்துத் தூங்கப்பண்ணிவிட்டு மறுநாள் கட்டி வைக்கிறோம் இல்லையா? அதை நான் சொன்னபோது பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வருடத்திலிருந்து எங்கள் கொலுவுக்கு அவர் வராமல் இருந்ததில்லை.

நீங்களும் கூப்பிடுங்கள். ஆனால் நம்மூர் மாதிரி அன்று காலை கதவைத் தட்டிக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். பத்து நாள் முன்பே நாள், நேரம் குறித்துத் தபால்பெட்டியில் ஒரு சீட்டுப் போடுங்கள். சுண்டலில் பாலோ முட்டையோ இல்லை என்பதால் எல்லாரும் தயங்காமல் சாப்பிடுவார்கள். பச்சை மிளகாயை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலை கிடைப்பது சிரமம், மஞ்சள் குங்குமத்தோடு ஒரு பழமும் சின்னப் பரிசும் போதும்.

மாவிலைத் தோரணத்தைத் துணியில் தைத்து எடுத்து வாருங்கள். கதவில் இலை, பூ வளையம் மாட்டுவது இங்கே பல வீடுகளிலும் உண்டு, உங்கள் தோரணத்தையும் அப்படித்தான் பார்ப்பார்கள். பொதுப் படிக்கட்டில் மாவுக்கோலம் போடாதீர்கள். வழுக்கும், கூட்டுகிற முறை யாருடையதோ அவர் கோபப்படுவார், அதில் நியாயமும் இருக்கிறது. ஒரு மரப்பலகையில் போட்டுக் கதவுக்கு உள்பக்கம் வைக்கலாம்.

மகளின் மரத்துக்கு வருகிறேன். வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம், அது உங்கள் வீட்டு முடிவு. வைத்தால் கடையில் முப்பது கண்ணாடி உருண்டை அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கி ஒரே நாளில் நிரப்பிவிடாதீர்கள். பள்ளியில் அவள் வைக்கோலில் செய்து வரும் நட்சத்திரம், நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள் ஊர்வலத்துக்கு ஒட்டிய காகித விளக்கு, தோழி கொடுத்தது என்று தானாகச் சேரட்டும். முதல் வருடம் மரம் வெறிச்சென்று இருக்கும். அவள் பத்தாம் வகுப்புக்கு வரும்போது அந்த மரத்தில் இருப்பதெல்லாம் அவளுடையதாக இருக்கும்.

மரம் வேண்டாமென்றால் ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்ற, கூம்புகளைக் கோத்துச் செய்யும் நட்சத்திர விளக்கை வாங்குங்கள், எனக்கு மிகப் பிடித்தது அதுதான். மொராவிய சபையார் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய விடுதிப் பள்ளிகளில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவியல் பாடப் பயிற்சியாகப் பிள்ளைகள் செய்தது. நான்கு பட்டைக் கூம்பு 17, மூன்று பட்டைக் கூம்பு 8, மொத்தம் 25 முனைகள். பெரிய அளவில் வாங்கினால் முனைகள் தனித்தனியாகத்தான் வரும், நீங்கள்தான் கோக்க வேண்டும். அட்வென்ட் வந்தால் கோத்துத் தொங்கவிடுவது, பிறகு பிரித்து அடுக்குவது. ஆறு வயதுப் பிள்ளைக்கும் அப்பாவுக்கும் ஒரு மதியம் முழுக்க வேலை இருக்கும். இதே சபையார் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியிருந்தவர்கள் என்பதை மகளுக்குச் சொல்லுங்கள்.

கொலுவும் கிறிஸ்துமஸும் ஒன்றோடொன்று மோதுமோ என்று கவலை வேண்டாம். நவராத்திரி முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் கழித்துத்தான் அட்வென்ட். அதற்கு முந்தைய ஞாயிறு இவர்கள் இறந்தவர்களை நினைக்கும் நாள், அது கழியும்வரை பலரும் வீட்டை அலங்கரிக்கமாட்டார்கள், நீங்களும் பொறுத்திருங்கள். கார்த்திகை தீபம் பல வருடங்களில் அட்வென்ட் நாட்களில்தான் வரும். ஜன்னலில் அகல் வரிசை வைத்தால் எதிர்வீட்டு விளக்கு வளைவுக்கு நேரே நிற்கும். திரைச்சீலையை மட்டும் நன்றாக ஒதுக்கிக் கட்டிவிடுங்கள். எர்ஸ்கெபிர்கெ வீடுகளில் பிப்ரவரி 2 வரைகூட விளக்குகளை எடுப்பதில்லை, அதனால் பொங்கலுக்கும் தெரு வெளிச்சமாகவே இருக்கும்.

கொலுப்படியில் இந்த ஊர்ப் பொம்மைகளை வைக்கலாமா என்று பிறகு நிச்சயம் கேட்பீர்கள். நான் கீழ்ப்படியில் வைக்கிறேன், பூங்காவுக்குப் பக்கத்தில். பாட்டி கொடுத்த சுரங்கத் தொழிலாளி முளைவிட்ட கடுகு வயலின் ஓரத்தில் விளக்கோடு நிற்கிறார். மேல்படியில் கலசமும் மரப்பாச்சியும்தான், அதில் நான் எதையும் மாற்றுவதில்லை.

பொம்மைகளைக் கட்டும்போது எது மண், எது காகிதக்கூழ் என்று தெரியாவிட்டால் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். படிகளுக்காகச் செலவு செய்யாதீர்கள். மடக்கி வைக்கிற மூன்று படி ஸ்டாண்ட் ஒன்று என்னிடம் சும்மா இருக்கிறது, ரயிலில் ஒரு மணி நேரம்தான், வந்து எடுத்துப் போங்கள்.