சாமி மாடம், பூக்லே சோபா, இரண்டு வயதுப் பிள்ளை

வணக்கம். சிங்கப்பூர் பொங்கோலில் இருக்கும் நாலறை பிடிஓ வீட்டின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, கட்டி விற்கும் புது அடுக்குமாடி வீடு) கூடத்தை ஜப்பாண்டி பாணியில், அதாவது ஜப்பானிய, ஸ்காண்டிநேவிய எளிமை கலந்த அலங்காரத்தில், மாற்றப்போகிறோம்; வரிவரியான மரப்பலகைச் சுவர், வெள்ளை பூக்லே சோபா, சாமி மாடம் மூன்றும் அங்கேயே வர வேண்டும், வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை என்று எழுதியிருந்தீர்கள்.

பலகைச் சுவர் அழகுதான். மாடத்துக்குப் பின்னால் மட்டும் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்த வரிகளுக்குள் இறங்கினால் பல் குச்சியால்தான் சுரண்ட வேண்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்! அந்த இடத்தில் வழவழப்பான டைல் ஒட்டுங்கள். விளக்குக்கு மேலே தாழ்வான தட்டு வரக் கூடாது, சூட்டில் கருகிவிடும்.

பூக்லே துணி சுருள் சுருளான நூல். சாம்பார் சிந்தினால் ஈரத்துணி மேலே மட்டும் துடைக்கும், மஞ்சள் உள்ளேயே நிற்கும். கழற்றித் துவைக்கும் உறையுள்ள லினன் கலப்புத் துணியில், சற்று மங்கிய மணல் நிறத்தில் வாங்குங்கள். ஜப்பாண்டிக்கு அதுவே பொருத்தம். வெள்ளை கண்ணைக் கூச வைக்கும்.

அப்புறம், குளியலறை டைலை உடைக்கும் யோசனை இருந்தால் தள்ளிப்போடுங்கள். புதுக் கட்டடத்தில் முதல் 3 ஆண்டுகளுக்கு வீவக அனுமதிக்காது. பாம் ஷெல்டர் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் வெடிகுண்டுப் பாதுகாப்பு அறை) சுவரை எப்போதுமே உடைக்கக் கூடாது, கதவையும் கழற்றக் கூடாது.

சோபாவுக்கு முன்பணம் கட்டுமுன் மின்தூக்கிக் கதவை அளந்துவிட்டீர்களா?